பணம் தில்லியில், பெயர் வார்டில்

குரு தேக் பகதூர் நகர் ரயில் நிலையத்தைப் பழைய மனிதர்கள் இன்னமும் கோலிவாடா என்றே அழைக்கிறார்கள். அங்கே இறங்கி ஆண்டாப் ஹில் நோக்கி நடப்பவர், அரை மணி நேரத்திற்குள் மூன்று நான்கு அரசாங்கங்களின் எல்லைகளைக் கடந்துவிடுகிறார். நிலையத்திற்கு அணித்தே, நாட்டுப் பிரிவினைக்குப் பின் வந்த அகதிகளுக்கென எழுந்த குடியிருப்பின் மனைகள். சற்று அப்பால், மத்திய அரசாங்க ஊழியர்களுக்குரிய சி.ஜி.எஸ். காலனி, செக்டார் செக்டாராக வரிசை பிடித்து நிற்கும் கட்டடங்கள். அதற்கும் அப்பால் உப்பளங்கள் இருந்த பூமி. கோக்ரி ஆகர் என்னும் பெயரிலேயே உப்புக் கரிக்கிறது. நாம் உப்பளம் என்பதை மராத்தியர் மிட்டாகர் என்பர். துறைமுகத்தார் நிலம் ஒருபால், ரயில்வேயார் நிலம் ஒருபால், மாநகராட்சியின் நிலம் மற்றொருபால். இவற்றின் ஓரங்களிலும் இடுக்குகளிலும், எவருடைய நிலம் என்று அறியாமலே வந்து குடியேறியவர்களில் நம்மவர் பலர்.

நிலம் எவருடையது என்ற வினாவை நாற்பது ஐம்பது ஆண்டுகளாக எவரும் கேட்டிலர். குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் எப்படியோ வந்துவிட்டன, பிள்ளைகள் படித்தார்கள், தகரக் கூரை போய்ச் சிமெண்டுச் சுவர் வந்தது, அதன்மேல் ஒரு மாடியும் எழுந்தது. இன்றோ, ‘பிரதமர் திட்டத்தில் வீடு கிடைக்குமாமே’ என்ற பேச்சு ஒவ்வொரு சாலிலும் கேட்கிறது. கேட்கிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய முதல் விடை சற்றுக் கசப்பானது: பணம் தில்லியிலிருந்து வரலாம், ஆனால் அந்தப் பணம் எந்தப் பெயருக்குப் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் பட்டியல் தில்லியில் எழுதப்படுவதில்லை. அது நமது வார்டில், நமது சந்தில், நமது வாசற்படியில் எழுதப்படுகிறது. அப்பட்டியல் எழுதப்படும் நாளில் நம்மவர் வேலைக்குப் போயிருப்பார்கள். அல்லது திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஒரு வீட்டுக்கு மூன்று அரசாங்கங்கள் என்ற இந்த ஏற்பாடு எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபின், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதரும் மாதுங்காவும் இன்று நேரான தெருக்களும் மரங்களுமாக விளங்குவது அந்த டிரஸ்ட் வகுத்த திட்டத்தினால்தான். நம் தென்னாட்டுக் குமாஸ்தாக்கள் அத்தெருக்களில் வாடகைக்கு வந்து அமர்ந்தார்கள். கோயிலும் பள்ளியும் சாப்பாட்டுக் கடைகளும் பின்தொடர்ந்தன. 1933இல் அந்த டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு, 1952இல், தொழிலாளர் வீட்டு மானியத் திட்டம் என்று ஒன்றை மத்திய அரசாங்கம் கொணர்ந்தது. செலவில் ஒரு பகுதியை மானியமாகவும் ஒரு பகுதியைக் கடனாகவும் தில்லி கொடுக்கும். கட்டுவது மாநிலத்தின் பொறுப்பு. ‘கொடுப்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர்’ என்னும் முறை அப்போதே வேரூன்றிவிட்டது. தண்ணீரும் சாக்கடையும் வேறொருவர் கையில் இருந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கொடுப்பவரும் இடம் தந்தவரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தால் என்ன நேரும் என்பதற்குச் செம்பூர்ப் பக்கத்து நேயர்களுக்கு நாம் சான்று காட்ட வேண்டுவதில்லை. நகரின் நடுவிலிருந்த குடிசைவாசிகளை மாநகராட்சியே கொண்டுபோய்ச் சேர்த்த இடம் ஜனதா காலனி. சேறாய்க் கிடந்த அந்நிலத்தைத் தங்கள் கையாலேயே மேடாக்கி அவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் தமிழர் மிகுதி. பின்னர் அந்நிலம் மத்திய அரசாங்கத்தின் அணுசக்தி இலாகாவுக்கு வேண்டியதாயிற்று. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனி முழுவதும் காலி செய்யப்பட்டு மக்கள் சீத்தா கேம்பிற்கு அனுப்பப்பட்டனர். ஒரு சர்க்கார் வை என்று வைத்த இடத்திலிருந்து இன்னொரு சர்க்கார் எழு என்று எழுப்பியது. அந்த வெளியேற்றத்தை எதிர்த்து நீதிமன்றத்திலும் வீதியிலும் போராடியவர், கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த ஜாக்கின் அற்புதம் என்ற தமிழர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவியவரும் அவரே. 2000இல் மக்சேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 2018இல் அவர் மறைந்தார். ஜனதா காலனியில் தோற்ற அனுபவம் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கணக்கை நாமே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதே அது.

அந்தப் பாடம் பத்தே ஆண்டுகளில் பயன்பட்டது. 1985 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபையின் நூற்றாண்டு விழாவுக்காகப் பம்பாய் வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, இந்நகரின் வீட்டுப் பிரச்சினைக்கென 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் சுமார் 37 கோடி தாராவிக்கு என்று ஒதுக்கப்பட்டது. பிரதமர் மானியத் திட்டம் என்று அதற்குப் பெயர், பி.எம்.ஜி.பி. காலனி என்று இன்றும் தாராவியில் வழங்கும் பெயர் அதன் எச்சம். மத்தியப் பணம், மாநிலத்தின் மஹாடா என்னும் வீட்டுவசதி ஆணையம், பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தமான நிலம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடிய முதற்பெரும் நிகழ்ச்சி இம்மாநகரில் அதுவே என்று கூறலாம்.

பணம் வந்தது. ஆனால் எத்தனை பேருக்கு? அதிகாரிகள் கையிலிருந்த கணக்கு ஒன்று. தாராவியின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டுமென்றும், ஒரு பகுதி மக்களை வெளியே அனுப்ப வேண்டுமென்றும் யோசனைகள் எழுந்தன. அப்பொழுது, 1986இல், கூட்டமைப்பைச் சேர்ந்தவர்களே சந்து சந்தாகச் சென்று எண்ணினார்கள். அவர்கள் கண்டது 5,30,225 மக்கள், 1,06,045 குடும்பங்கள், 80,518 கட்டடங்கள். அரசாங்கத்தார் கருதியிருந்ததைவிட அத்தொகை மிகப் பெரிது.

இந்த மூன்று எண்களில் நேயர்கள் சற்று நின்று பார்க்க வேண்டியது கடைசி இரண்டையுமே. கட்டடங்களைவிடக் குடும்பங்கள் ஏறத்தாழ 25,500 மிகுதி. அதாவது ஒரு கூரையின்கீழ் இரண்டு அடுப்பு. கீழே அண்ணன், மேலே தம்பி. அல்லது கீழே சொந்தக்காரர், மேலே வாடகைக்காரர். கட்டடத்தை எண்ணுகிற அதிகாரி கதவில் ஓர் எண் எழுதிவிட்டுப் போவார். அடுப்பை எண்ணினால்தான் மேலே இருப்பவர் கணக்கில் வருவார். அன்று மக்கள் எடுத்த கணக்கு அடுப்புகளையும் எண்ணிற்று. அதனால் எல்லோருக்கும் வீடு வந்துவிட்டதா என்றால், இல்லை. சாலைகளும் கால்வாய்களும் ஓரளவு சீர்ப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்த குடும்பங்களுக்குக் கட்டப்பட்டவை சில ஆயிரம் வீடுகளே. அவையும் இலவசமல்ல, கடன் வாங்கித் தம் பங்கைக் கட்டியே குடிபுக நேர்ந்தது. எனினும் அந்தக் கணக்கிற்குப் பிறகு தாராவியின் தொகையை யாரும் மேசைமேல் இருந்துகொண்டு ஊகித்துச் சொல்ல இயலாமற் போயிற்று. 37 கோடியைவிட அதனை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

அமெரிக்காவிலும் இத்தகைய கூட்டுத் திட்டம் ஒன்று உண்டு. 1990இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய வீட்டுவசதிச் சட்டத்தின்படி, மத்திய அரசாங்கம் நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் பணம் பகிர்ந்தளிக்கிறது. பெறுகின்ற நகரம், செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 25 செண்டு தன் பங்காகக் காட்ட வேண்டும். பணமாக இல்லாவிட்டால் நிலமாகவோ வரிவிலக்காகவோ காட்டலாம். தவிர, மொத்தத்தில் 15 விழுக்காடு அந்தந்த வட்டாரத்து மக்கள் அமைப்புகளின் மூலம் கட்டப்படும் வீடுகளுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். அங்கும் குறைகள் ஏராளம். ஆயினும் ஊராட்சிக்கு இவ்வளவு, மக்கள் அமைப்புக்கு இவ்வளவு என்று சட்டத்திலேயே அளவு எழுதியிருப்பது நம் கவனத்திற்குரியது.

நம் நாட்டில் அந்த அளவு எழுதப்பட்டிருக்கிறதா? அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகள் நகராட்சிகளுக்கு உரியவையாகக் குறிக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளின் மேம்பாடு அவற்றுள் ஒன்று. ஆனால் எந்தப் பணியை எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலம் முடிவு செய்யும். மும்பையிலோ 1995இல் குடிசைப் புனர்வாழ்வு ஆணையம் அமைந்தபின், குடிசைப் பகுதிகளில் திட்டம் வகுத்து அனுமதி கொடுக்கும் அதிகாரம் அதனிடம் போயிற்று. எஸ்.ஆர்.ஏ. என்று நம்மவர் சொல்வது அதைத்தான். மஹாடாவும் மாநிலத்தினுடையது, எஸ்.ஆர்.ஏ.யும் மாநிலத்தினுடையது. மாநகராட்சிக்கு மிஞ்சியவை தண்ணீர், குப்பை, சாக்கடை, சாலை முதலியவை. வீடு கட்டுகிறவரிடம் தண்ணீர் இல்லை. தண்ணீர் வைத்திருப்பவரிடம் வீடு இல்லை. இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்களின் புத்திக்கூர்மையை நாம் வியக்காமலிருக்க முடிவதில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குழாய் இணைப்பு இல்லை என்று மாநகராட்சி நெடுங்காலம் மறுத்து வந்தது. வீட்டுத் திட்டத்திற்கென வகுத்த தேதி, குடிக்கும் தண்ணீருக்கும் தேதியாகிவிட்டது. 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம், குடியிருப்பு சட்டப்படியானதா இல்லையா என்பது வேறு, தண்ணீர் வேறு என்று கண்டித்துக் கூறிய பிறகே நிலைமை அசைந்தது. அனைவர்க்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவித்தது 2022இல். இடைப்பட்ட காலத்தில் குடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தவர்கள் யார் என்று நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி இன்றைய திட்டத்திற்கு வருவோம். 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்பு இயக்கத்தில், பெருநகரங்களில் ஏழைகளுக்கான வீட்டுச் செலவில் பாதியை மத்திய அரசாங்கம் ஏற்றது. அதன்பின் 2015 ஜூன் 25ஆம் நாள் பிரதான் மந்திரி ஆவாஸ் யோஜனா வந்தது. கூட்டு முயற்சியில் கட்டப்படும் மலிவு விலை வீடு ஒன்றுக்கு மத்திய உதவி ஒன்றரை இலட்சம் ரூபாய். குடிசையிருந்த இடத்திலேயே புதிதாகக் கட்டும் முறையில் வீட்டுக்கு ஒரு இலட்சம். இந்தப் பணம் ஒரே தவணையில் வருவதன்று. 40, 40, 20 விழுக்காடாக மூன்று தவணை. தேவைக் கணக்கெடுப்பது, பயனாளிப் பட்டியல் தயாரிப்பது, அதைச் சரிபார்ப்பது ஆகியவை நகராட்சி அமைப்பின் கடமைகளாக விதிகளில் உள்ளன. 2024 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது அவ்வூர் நகராட்சி அமைப்பே.

ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு ஆண்டாப் ஹில்லில் ஒரு கட்டில் போடும் இடங்கூடத் தேறாது. ஆகவே மத்திய உதவியுடன் எழுந்த வீடுகள் பெரும்பாலும் நிலம் மலிந்த இடங்களில் எழுந்தன. 2018இல் சிட்கோ நிறுவனம் 14,838 வீடுகளுக்குக் குலுக்கல் நடத்திற்று. அவை தலோஜா, கார்கர், கலம்போலி, கன்சோலி, துரோணகிரி ஆகிய இடங்களில் இருந்தன. தாராவியில் இட்லி வேகவைத்து, காலை ஆறு மணிக்குள் கூடையுடன் புறப்படும் ஒருவர் தலோஜாவிலிருந்து வந்து இத்தொழிலைச் செய்ய முடியுமா? இரண்டாம் கட்டத் திட்டத்தில் வட்டி மானியமும் உண்டு. அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணையாக. ஆனால் வீட்டின் விலை 35 இலட்சத்திற்கு மேற்படலாகாது. மாதுங்காவில் அவ்விலைக்கு வீடு தேடுபவருக்கு நம் அனுதாபம்.

அப்படியானால் ஊருக்குள்ளேயே வீடு வேண்டுமென்பவர்க்கு எஞ்சிய வழி எஸ்.ஆர்.ஏ. தான். இதில் மத்தியப் பணம் பெரிதன்று. கட்டட முதலாளி, விற்பனைக்குரிய வீடுகளைக் கட்டி விற்று அந்த இலாபத்தில் குடிசைவாசிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார். ஆனால் நிலம் மத்திய அரசாங்கத்தினுடையதாக இருந்தால், அதற்குரிய இலாகா இசைந்தாலன்றி ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. ஆண்டாப் ஹில்லின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். ஒரே சந்தில் இடப்புறத்தார் மாநகராட்சி நிலத்தில் இருப்பர், வலப்புறத்தார் மத்திய இலாகாவின் நிலத்தில் இருப்பர். இடப்புறம் பதினைந்து மாடி எழும். வலப்புறம் அதன் நிழலில் நிற்கும். தில்லி நினைத்தால் பணம் கொடுப்பதைவிட நிலத்துக்கு இசைவு கொடுப்பது எளிது என்பதே நம் கருத்து. தாராவிக்காக அது நடந்துமிருக்கிறது: ரயில்வே நிலம் கொடுக்கப்பட்டது, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவித் திட்டத்தின் வாடகை வீடுகளுக்குப் பயன்படுத்த 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த வாடகை வீடுகள் யாருக்கு? தாராவியிலேயே 350 சதுர அடி வீடு பெறத் தகுதியுடையவர், 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவர்க்கு இரண்டரை இலட்சம் விலையில் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்குப் பின் வந்தவரும், மாடியில் குடியிருப்பவரும் வாடகை வீட்டுக்குரியவர்கள். அதுவும் தாராவிக்கு வெளியே. 1986இல் அடுப்பை எண்ணினார்களே, அந்த மேல்மாடி அடுப்புகளின் இன்றைய முகவரி அந்த உப்பள நிலமாக இருக்கும்.

சென்ற மாதம் ஆண்டாப் ஹில்லில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரப் பெரியம்மாள் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தரைத்தளத்தில் அவர், இரும்பு ஏணி வழியாக ஏறும் மாடியில் மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். எங்களைக் கண்டதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்துப் பரப்பினார். 1976 ஜனவரியில் நகரெங்கும் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தபோது கொடுத்த போட்டோ பாஸ் முதலாவது. அதில் அவர் கணவர் இளைஞராக நிற்கிறார்.

“எங்களுக்குப் பிரதமர் வீடு கிடையாதாம் ஐயா. ஊரிலே காரைவீடு இருக்கிறதாம், அதனாலே கிடையாது என்று தரகர் சொல்லிவிட்டார். ஐயாயிரம் கொடுத்தால் அந்த வீட்டை மறைத்து எழுதித் தருகிறேன் என்கிறார்,” என்றார் பெரியம்மாள்.

இந்த இடத்தில்தான் நம்மவர் பெரிதும் இடறி விழுகிறார்கள். ஆதலின் சற்று விரித்தே எழுதுகிறோம். பிரதமர் திட்டம் வேறு, எஸ்.ஆர்.ஏ. வேறு. பிரதமர் திட்டத்தின் விதிப்படி, விண்ணப்பிக்கும் குடும்பத்தார் பெயரில் இந்தியாவில் எங்குமே நிரந்தர வீடு இருத்தல் கூடாது. ‘எங்குமே’ என்ற சொல்லில் நாங்குநேரியும் அடங்கும், நாகர்கோயிலும் அடங்கும். புலம்பெயர்ந்தவனுக்கு ஊரில் ஒரு கூரை இருப்பது ஆறுதல் என்று நாம் எண்ணியிருந்தோம். அது தகுதியின்மையும் ஆகும். இரண்டாம் கட்டத்தில் மற்றொரு நிபந்தனை: கடந்த 20 ஆண்டுகளில் மத்திய, மாநில, நகராட்சி வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருத்தல் கூடாது. ஊரில் பேரூராட்சி மூலம் வீடு கட்ட மானியம் வாங்கியிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

ஆனால் குடும்பம் என்பதற்கு விதியில் கூறியுள்ள பொருள் கணவன், மனைவி, மணமாகாத மக்கள் என்பதே. பெரியம்மாளின் பெயரில் பாகப்பிரிவினையில் வந்த காரைவீடு பெரியம்மாளைத் தடுக்கும். மணமாகித் தனிக் குடும்பம் நடத்தும் மகனையும் மருமகளையும் அது தடுக்காது. அவர்கள் பெயரில் எங்கும் வீடு இல்லை. அவர்கள் வருமானம் வரம்பிற்குள் இருக்கிறது. பொதுவாக ஆண்டுக்கு 3 இலட்சம் என்றிருந்த வரம்பு, மும்பைப் பெருநகர்ப் பகுதிக்கு 2023இல் 6 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எஸ்.ஆர்.ஏ.யிலோ கதை தலைகீழ்: போட்டோ பாஸ் வைத்திருக்கும் பெரியம்மாளின் தரைத்தளம் கணக்கில் வரும், மாடி வருவது அரிது. ஆக, ஒரே வீட்டில் கீழே இருப்பவர்க்கு ஒரு வழி, மேலே இருப்பவர்க்கு இன்னொரு வழி. தரகர் இரண்டையும் கலந்து குழப்பி ஐயாயிரம் கேட்கிறார். வீட்டை மறைத்து எழுதிக் கொடுத்தால், ஆதார் எண்ணின் வழியே பின்னால் தெரிய வரும்போது உள்ளதும் போய்விடும். பெரியம்மாளிடம் இதைச் சொன்னோம். தரகருக்கு முன்பணமாக ஆயிரம் ஏற்கனவே போய்விட்டது என்பதை அவர் அப்புறம்தான் மெல்லச் சொன்னார்.

அடுத்த இடர் பெயர். மராத்திய மக்களின் வழக்கத்தையொட்டி இங்குள்ள படிவங்கள் தம் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களாக அமைந்துள்ளன. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்து ஒன்றுதான். படிவத்தை நிரப்பியவர் ஒரு முறை ஊர்ப் பெயரை மூன்றாம் கட்டத்தில் இட்டார். இன்னொரு முறை சாதிப் பெயரை இட்டார். மற்றொரு முறை தந்தை பெயரையே இட்டார். மருமகளின் காகிதங்களை நாம் பார்த்தோம். பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து. ஆதாரில் கணவர் பெயர். ரேஷன் கார்டில் மாமனாரின் பெயர் குடும்பப் பெயராக உருமாறியிருந்தது. வங்கிப் புத்தகத்தில் எழுத்துப் பிழை வேறு. நான்கு காகிதம், நான்கு பெண்கள்! பிரதமர் திட்டத்தில் வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. அந்நல்ல விதியே, பெயர் ஒத்துவராத பெண்ணின் விண்ணப்பத்தைத் தள்ளுவதற்கும் காரணமாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? ஆண்டாப் ஹில், வடாலா, மாதுங்கா ஆகியவை மாநகராட்சியின் எஃப் வடக்கு வார்டில் அடங்கும். அதன் அலுவலகம் மாதுங்காவில் பாவ் தாஜி சாலையில் இருக்கிறது. தாராவியினர் ஜி வடக்கு வார்டு. முன்னெல்லாம் வார்டு அலுவலகத்தில் வேலை நடக்காவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கலாம். 2017இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்த பின், 2026 ஜனவரித் தேர்தல் வரை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மன்றமே இல்லை. நிருவாக அதிகாரியின் ஆட்சிதான். தாராவித் திட்டம் ஒப்படைக்கப்பட்டதும், பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியதும் இந்த இடைக்காலத்தில்தான். 227 உறுப்பினர் கூடிப் பேச வேண்டிய மன்றத்தில் அவை பற்றி ஒரு வினாவும் எழ இடமில்லாமற் போயிற்று. உள்ளாட்சியின் பங்கு என்று விதியில் எழுதிவிட்டு உள்ளாட்சியையே காலியாக வைத்திருந்ததை என்னென்பது? இப்பொழுது மன்றம் வந்துவிட்டது. நம் வார்டு உறுப்பினர் யார், அவர் எப்போது மக்களைச் சந்திக்கிறார் என்பதை நேயர்கள் அறிந்து வைத்திருத்தல் நலம். தேர்தல் நாளன்று ஊருக்குப் போயிருந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

பெரியம்மாளின் வீட்டிலிருந்து நாம் புறப்படும்போது மருமகள் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். திருமணத்தை ஊரில் பதிவு செய்தார்களா என்று கேட்டோம். பதிவு செய்ததாக நினைவு. காகிதம் மாமாவிடம் இருக்கிறதாம். அதன் நகலும், பள்ளிச் சான்றிதழும், ஆதாரும் இருந்தால் முதலில் ரேஷன் கார்டில் பெயரைத் திருத்தலாம். அதன்பின் வங்கிப் புத்தகம். அதற்கும் பின்புதான் விண்ணப்பம். நிலம் எந்த இலாகாவினுடையது என்று எழுத்தில் கேட்பதற்குத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவையும் மகன் எழுதத் தொடங்கியிருக்கிறார். கட்டணம் பத்து ரூபாய். பெரியம்மாள் போட்டோ பாசை மட்டும் எங்கள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, அதன் நகலை எடுத்து வருவதாகச் சொல்லி, பழைய துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார்.